நுறுக்கு

அண்டி ஆபீசின் சாப்பாட்டுக் கொட்டகையில் முகாம்.
வெள்ளைத் துணி கட்டி, அதன் முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஜெபின் என்றொரு பையன், காது வரை வெட்கம்.
"எக்கா, பெருவிரலும் சுட்டுவிரலும் சேத்துத் தட்டுங்க.
எவ்வளவு விரியுமோ அவ்வளவு,
எவ்வளவு வேகமோ அவ்வளவு. பத்து செகண்ட்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தாறு வருஷமாக அதைத்தானே செய்கிறேன்,
கிலோவுக்கு இவ்வளவென்று காசு வாங்கி.

தட்டினேன்.
டேப்லெட்டில் என் கைமேல் பச்சைப் புள்ளிகள் முளைத்தன,
கணுவுக்கு ஒன்றாய், விரல் போகிற இடமெல்லாம் கூடவே ஓடின.
முதலில் பயம் வரவில்லை.
ரேஷன் கடை மெஷின் என்னை ஆளென்று ஒத்துக்கொண்டதே கிடையாது.
அண்டி எண்ணெய் தின்ற விரல், ரேகை இல்லை,
ரோஸ்லெட்டின் அரிசிக்கு ரோஸ்லெட்டின் மகன்தான் விரல் வைக்கணும்.
இந்தக் கண்ணாடிக்கு என் கை
கையென்று தெரிந்துவிட்டது.

வலது கையின் கோடு
நல்ல நாளில் குறும்பனைக் கடல் மாதிரி ஏறி இறங்கியது.
இடது கைக்கு முதல் ஐந்து தட்டு மலை,
அப்புறம் குன்று,
அப்புறம் வரப்பு,
நடுவில் ஒருமுறை நின்றே போனது.
நான் இடங்கைக்காரி. உரிக்கிறது அந்தக் கைதான்.
"நான் நிறுத்தல்லியே" என்றேன்.
"தெரியும்க்கா" என்றான்.
அப்போது அவன் முகத்தில் வெட்கம் இல்லை.

குழாய் வரை நடந்து திரும்பி வரச் சொன்னான்.
வலது கை வீசியது.
இடது, பர்சை இடுக்கியது போல விலாவோடு ஒட்டி வந்தது.
பர்ஸ் வீட்டில் இருந்தது.

"மணமெல்லாம் நல்லா தெரியுதா?"

இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்தேன்.
கருங்கல் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்காருவாள்,
சேலையில் வறுத்த தோட்டின் புகை.
இரண்டு வருஷமாக எனக்கு அது அடிக்கவில்லை.
புது சோப்பு வேலை செய்கிறதென்று நம்பி
தங்கச்சிக்கும் நாலு கட்டி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

மெஷின் நோயைச் சொல்லாது, சந்தேகத்தைத்தான் சொல்லும்,
ஆசாரிப்பள்ளத்தில் நரம்பு டாக்டர்
கையைப் பிடித்து மடக்கிப் பார்த்துத்தான் எதுவும் என்றான்.
"பழைய வீடியோ ஏதாவது இருக்காக்கா?
கைதட்டினது, நடந்தது...
எப்ப தொடங்கிச்சுன்னு தெரிஞ்சா நல்லது."

கல்யாண வீடியோக்களில் நான் உண்டு.
சாம்பார் வாளியும் முதுகும் மட்டும்.

ராத்திரி புரண்டு படுத்தபோது ஞாபகம் வந்தது,
சூப்பர்வைசர் தாசையனின் நீல நோட்டு.
தினமும் என் பேருக்கு நேரே மூணு எண்:
மொத்தம், முழுசு, நுறுக்கு.
நுறுக்கு கூடினால் கூலியில் பிடிப்பு.
"கவனம் எங்க போவுது ரோஸ்லெட்" என்று
மேசையில் பேனாவைத் தட்டுவார்.
நானும் தேடினேன்,
ஜெபத்தில்கூட கேட்டேன், கவனத்தைத் திருப்பித் தரும்படி.

காலையில் மணியடிக்கும் முன்னே போய் நின்றேன்.
"மூணு வருஷத்து நோட்டும் வேணும்."
"கணக்குல சந்தேகமா?"
"கணக்கு சரிதான். அதான் வேணும்."

பீரோ திறந்தது. தூசிக்கு அவர் தும்மினார்.
அட்டை கிழிந்த நோட்டில்
ஏப்ரல் மாதத்து ஒரு வியாழக்கிழமை,
நுறுக்குக் கட்டத்தில் எண் கொஞ்சம் கூடியிருந்தது.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பக்கம் மூடாமலிருக்க இடது கையை அதன்மேல் வைத்தேன்.
கை சும்மாதான் கிடந்தது,
பெருவிரல் மட்டும் சுட்டுவிரலோடு உரசி
பருப்பே இல்லாமல்
தோல் உரிக்கத் தொடங்கியது.

தாசையன் பார்த்துக்கொண்டே நின்றார்.
பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.
"கனமா இருக்கும்" என்றார்,
"பஸ்டாண்டு வரைக்கும் நான் எடுத்துட்டு வாறேன்."