இணைப்பு மூன்று

ஒப்பந்தத்தின் முதல் இரண்டு இணைப்புகளும்
தாளாளரோடு போய்விட்டன.
மூன்றாவது என் மேசைக்கு வந்தது.
"வரலாறு, நிர்வாக அமைப்பு. அவங்களோடத பாத்து
அதே மாதிரி அடிச்சிடு."

மினேகாவா பல்கலைக்கழகம்
ஒரு சோயா கிடங்கின் மாடியில் தொடங்கியிருக்கிறது.
பதினோரு பெண்கள், நான்கு தையல் மெஷின்.
தொடங்கியவள் பெயர் ஹிசா, விதவை.
பிறகு கல்லூரி. போருக்குப் பின் பல்கலைக்கழகம்.
பொருளாதாரத் துறை வந்த வருடம்
ஆண்களும் வந்தார்கள்.
ஒருமுறை மாணவர்கள் கதவை அடைத்து
அறுபது நாள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள்.
அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள், முகம் சுளிக்காமல்.

படத்தில் உச்சிப் பெட்டி ரிஜிச்சோ.
நம் தாளாளர் மாதிரி என்று நினைத்தேன்.
ஹிசாவின் பேரனா என்று தேடினேன், இல்லை, யாரோ ஒருவர்.
அவரைக் கேள்வி கேட்க இரண்டு தணிக்கையர்.
எங்களுக்கு அந்தப் பெட்டி கிடையாது.
தாளாளர், அவர் மனைவி, மனைவியின் தம்பி,
கீழே முதல்வர்.
மூன்று வருடத்தில் நான்கு பேர் உட்கார்ந்த பெட்டி அது.

பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் ஓடத் தொடங்கினால்
எங்கள் ஆபீஸில் வோல்டேஜ் இறங்கும்.
அந்த மங்கலில்தான் படித்தேன்:
1944. வகுப்புகள் இல்லை. மாணவிகள் பாராசூட் தைத்தனர்.
1945. கட்டடம் எரிந்தது. இறந்தவர் அறுவர்.
ஆறு பெயர்கள், வயதோடு.
கடைசிப் பெயருக்கு நேரே: சமையல்.

எங்கள் ஆண்டு மலரில்
கலையரங்கத் திறப்பு விழாவுக்கும்
தேசியத் தர மதிப்பீட்டுக்கும் நடுவில்
ஒரு நவம்பர் உண்டு.
விடுதிக்கு மேலிருந்த கேரட் தோட்டம்
அப்படியே இறங்கி வந்த ராத்திரி.
பிள்ளைகளை எழுப்பி வெளியே தள்ளிவிட்டு
கேஸை மூடத் திரும்பிப்போனாள்
மஸ்கெலியாவிலிருந்து வந்த செவனம்மா.
எட்டு நாள் கல்லூரி நடக்கவில்லை.
மலரில் அதற்குப் பெயர் பருவமழை விடுமுறை.

அடித்தேன்.
நவம்பர். வகுப்புகள் இல்லை.
இறந்தவர் ஒருவர். செவனம்மா, சமையல்.

தாளாளர் பக்கம் புரட்டுவதில்லை.
கையெழுத்திடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டினால் போதும்.
ஒட்டினேன். போட்டார்.

இருபது நாள் கழித்து மினேகாவாவிலிருந்து
மிகப் பணிவாக ஒரு மின்னஞ்சல்.
எல்லாம் சரி. ஒரே ஒரு விடுபாடு:
இறந்தவரின் வயது.

சம்பளப் பதிவேட்டில் பார்த்தேன்.
அவளுக்கு ஒரு வரிசை எண் இருக்கிறது,
ரேகை இருக்கிறது.
மகன் பாலாடாவில்தான் கேரட் மூட்டை தைக்கிறான்.
மெஷின் நின்றதும்
போய்க் கேட்கவேண்டும்.