உறவுமுறை

சாட்ஸ்வர்த் ஆஸ்பத்திரி, சர்க்கரை வரிசை.
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
லொஷினி பார்க்கிங் தேடுகிறாள்.

மகன் பெர்த்தில். ஞாயிறுகளில்
கைப்பேசியில் அவன் நெற்றி மட்டும் தெரியும்.
விவாகரத்து முடிந்த வாரம்
இவள் வந்து தன் குக்கரை எடுத்துப் போனாள்.
அடுத்த வியாழன் அதே குக்கரில் பருப்பு,
உப்புக் கம்மியாய்.
"ஆறிடும், சாப்பிடுங்க."
வேறெதுவும் பேசவில்லை.

நர்ஸ் நீட்டிய தாளில்
கூட வந்தவர் உறவுமுறை என்றொரு கட்டம்.
மருமகள் என்றெழுதி அடித்தேன்.
மகள்? அவள் அப்பா மெரிபேங்கில்
குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.
பேனா எழுதாததுபோல் உதறிக்கொண்டிருந்தேன்.

கார் சாவியோடு வந்தவள் எட்டிப் பார்த்து
'வியாழக்கிழமை' என்று எழுதினாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை.
விரலில் குத்தினாள். ஒன்பது புள்ளி இரண்டு.
போன வருடம் பதினாலு.