முளைப்புச் சோதனை

மணலி தாண்டி, விச்சூர் போகும் வழியில்
அரை ஏக்கர் பசுமைக்குடில்.
பிடுங்கிய வெள்ளரி வேரெல்லாம்
ஜவ்வரிசி கோத்தாற்போல் முடிச்சு.
நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது,
கணக்கில் தெரியும்:
போன போகம் நாற்பது பெட்டி குறைவு.

கோதண்டம் குருணை மருந்தைத் தூவி
ரோட்டவேட்டர் ஓட்டி, ஈரம் காட்டி,
பாலிதீன் விரிப்பின் ஓரங்களை
மண்ணில் புதைத்து மிதித்தார்.
எச்சரிக்கைப் பலகை என் வேலை.
மண்டையோடு வரையச் சொன்னார்;
பூசணிக்காய் மாதிரி வந்தது.

ராத்திரி காற்று திரும்பியது. கண் எரிந்தது.
விரிப்பு கிழிந்ததா,
இல்லை, ரிஃபைனரியா?
இருவரும் மோந்து மோந்து நின்றோம்.
முப்பது வருஷம் இங்கேயே இழுத்த மூக்கு
சாட்சி சொல்ல மறுத்தது.

விரிப்பை எடுத்து, கிளறி, மண்ணை ஆறவிட்டு
ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் அள்ளி
முள்ளங்கி விதை தூவி இறுக மூடினேன்.
விஷம் மிச்சமிருந்தால் முளைக்காது.
ஒப்பிட இன்னொரு பாட்டில்;
அதில் என் வீட்டு வாசல் மண்.

மூன்றாம் நாள்
குடில் மண்ணில் அத்தனையும் பச்சை.
வாசல் மண்ணில்
பத்துக்கு நாலு.

"நாளைக்கே நட்டுடலாம் ஜெபசீலி" என்றார்
ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
மற்றதை
சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.