முப்பது நிமிடம்

ஒரு லிட்டர் உருளையில் பழுப்புக் குழம்பை ஊற்றி
முப்பது நிமிடம் அசையாமல் விடுவது
இரவுப் பணியில் என் முதல் வேலை.
படியத் தெரிந்த சேறு நல்ல சேறு.
மேலே தெளிவு, கீழே கனம்,
நடுவில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு.
அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

கோரமங்களா குளித்தது,
ஈஜிபுராவில் யாரோ கழுவி ஊற்றிய ரசச்சட்டி,
எல்லாம் சரிவு பார்த்து இறங்கி
சல்லகட்டாவில் எங்கள் சல்லடைக்கு வரும்.
தங்குவதைச் சிவலிங்கையா வாரிப் போடுவார்:
ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு,
போன வாரம் கழுத்துப்பட்டையோடு ஓர் அடையாள அட்டை.
படத்தில் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.
வேலை போயிற்றா, இவனே விட்டானா,
அழுக்கைத் துடைத்து ஜன்னலில் வைத்திருக்கிறார்.
தேடி வந்தால் கொடுக்கலாமாம்.

காற்றுத் தொட்டியில் இருப்பவர்களுக்கு
பெயரும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை.
தின்கிறார்கள், பெருகுகிறார்கள், மறுபடி தின்கிறார்கள்.
நுண்ணோக்கியில் பார்த்தால்
காம்பு முளைத்த சின்னச் சின்ன மணிகள்
சுருங்கி நீண்டு ஆடிக்கொண்டிருக்கும்.
மணி ஆடினால் எனக்கு நிம்மதி.
நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பது காற்று மட்டும்.

இரண்டு பத்துக்கு கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
எந்நேரமும் கேட்ட இரைச்சல் நின்றதும்
காது அடைத்தது எனக்கு.
குமிழிகள் ஓய்ந்து தொட்டி தட்டையானது.
அதில் நிலா தெரிந்தது.
மூச்சு நின்ற முகம்போல
அழகாகத்தான் இருந்தது.

டார்ச்சை நான் பிடித்தேன்.
டீசல் குழாயைக் கழற்றி
வாயால் உறிஞ்சித் துப்பினார் சிவலிங்கையா.
கன்னடத்தில் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு சாமி பெயர்,
மறுபடி கெட்ட வார்த்தை.
நாற்பத்தேழு நிமிடம்.
மீட்டரை இறக்கினேன்: பூஜ்யம் புள்ளி இரண்டு.

போனில் பொறியாளர்
தூக்கம் கலையாமலே சொன்னார்:
"ரெண்டுன்னு எழுதிக்கோங்க பியூலா.
காலையில சரியாயிடும்."
சரியாகலாம்.
தண்ணீர் பதிவேட்டைப் படிக்காது.
புள்ளி இரண்டு என்றே எழுதினேன்.
பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

இங்கிருந்து போவது பெல்லந்தூர் ஏரிக்கு,
அங்கிருந்து வர்த்தூர்,
பிறகு ஆறு,
எல்லை தாண்டினால் தென்பெண்ணை.
கெலவரப்பள்ளி மதகில் நுரை மலையாக எழும்பும்போது
யாரோ ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் திட்டுவார்.
நுரை இல்லாத நாளில்
யாரும் யாரையும் நினைப்பதில்லை.
அவர் மதகைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார்.
அப்படி ஒரு நாளுக்காகத்தான்
இரவெல்லாம் இந்த இரைச்சல்.

ஐந்து மணிக்கு இன்னோர் உருளை.
கோடு விழுந்திருக்கிறது,
கொஞ்சம் கலங்கலாக, கொஞ்சம் உயரத்தில்.
கண்ணாடித் துண்டில் மூன்று மணிகள் ஆடின.
நேற்று பதினொன்று.

ஊர் எழுந்துவிட்டது.
தலைவாய்க் குழாயில் முதல் இரைச்சல்.
சிவலிங்கையா சுவரோரம் குனிந்து
ஐந்தாம் தடவையாக வாய் கொப்பளிக்கிறார்.
டீசல் வாடை போகவில்லையாம்.
அவர் துப்பிய தண்ணீர் சாக்கடையில் இறங்கி
வளைந்து
எங்களிடமே வருகிறது.