ஒரு பதிவுக்கு முக்கால் ரூபாய்

தோன்யா லெயனோர் தெ வால்மிராந்தா இ செர்ராதோ.
இதுவே பாதிப் பெயர்.
மீதியை அடித்து முடிப்பதற்குள்
லிங்கிச் செட்டித் தெருவில்
மிளகாய் மூட்டைகளை இறக்கிவிடுகிறார்கள்.
இரண்டாம் மாடிவரை ஏறி வருகிறது நெடி.
தும்மினால் விரல் தவறும்.
பிழை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்தம்.

எட்டு மாதமாய்
ஸ்பெயினில் செத்தவர்களைக்
கட்டம் கட்டமாய் உட்காரவைக்கிறேன்.
மொழி தெரியாது, எழுத்து தெரியும்.
இஹா என்றால் மகள்.
நாசியோ என்றால் பிறந்தது.
வியூதாவை மட்டும்
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
எத்தனை கடல் தாண்டினாலும்
அது விதவைதான்.

லெயனோருக்குப் பதினைந்தில் கல்யாணம்.
சீதனம் இரண்டு ஆலிவ் தோப்பு,
ஆற்றுத் தண்ணீரில் சுழலும் மாவாலை,
பதினாறு வெள்ளித் தட்டு.
ஒரு தட்டில் கீறல் என்றும் குறித்திருக்கிறார்கள்.
யார் பார்த்திருப்பார்கள் அந்தக் கீறலை?
மாமியார்தான்.

புருஷன் நேப்பிள்ஸ் பக்கம் சண்டைக்குப் போனவன்,
இரண்டு வருஷத்துக்கொருமுறை வந்திருக்க வேண்டும்.
பிள்ளைகளின் தேதிகளைப் பார்த்தால் தெரிகிறது.
ஒன்பது பேர்.
அதில் ஐந்து பேருக்கு
பிறந்த கட்டத்திலும் இறந்த கட்டத்திலும்
ஒரே வருஷம்.
திரை சிவப்பாகக் கேட்கும்: உறுதியா?
உறுதி என்று அழுத்தினால்தான் மேலே போகும்.
ஐந்து முறை அழுத்தினேன்.
மூன்று பெண் குழந்தைகளுக்கு மரீனா என்றே பெயர்,
ஒருத்தி போனதும் அடுத்தவளுக்கு.
மூன்றாம் மரீனா பிழைத்துக்கொண்டாள்,
கன்னிமாடம் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவிடம் சொன்னேன்.
என் அம்மா தேசம்மா,
ஸ்டான்லி பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் ஆயா.
"தொப்புள்கொடிய ஒழுங்கா அறுத்திருக்க மாட்டாளுங்க"
என்றாள், நேற்று நைட் டூட்டியில்
நடந்ததுபோல் எரிச்சலாக.

எழுபதாம் பக்கத்தில்
மூத்தவன் தோன் கஸ்பார்
தாய்மேல் வழக்குப் போடுகிறான்.
தோப்பு, மாவாலை, வீடு எல்லாம் தன் பேருக்கு வேண்டும்.
தாய்க்கு ஐம்பத்தெட்டு, புத்தி தளர்ந்துவிட்டது,
சாட்சி இரண்டு பாதிரிமார்.
போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன்.
செய்யக்கூடாத காரியம்.
மேனேஜர் ஹபீபுல்லா தொழப் போயிருந்தார்.

அவள் பதில் ஒரே வரி.
"எனது புத்தி உள்ளது எங்கே சாவி உள்ளது, இடுப்பு மேல்."
போன் தமிழ் அப்படித்தான் இருக்கும்.
கீழே கையெழுத்து.
கல்யாணப் பத்திரத்தில்
எறும்பு ஊர்ந்ததுபோல் போட்டிருந்தவள்
இதில் மை தெறிக்கப்
பாதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம்
காசிமேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினால்
கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்வரை நிற்கின்றன.
வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வீடு சேர்ந்தேன்.
அண்ணன் கஜபதி வந்திருந்தான்,
ஹவுசிங் போர்டு பேப்பரோடு.
எல்லாம் பூர்த்திசெய்தாயிற்று.
கைநாட்டுக்கு மை டப்பாகூட வாங்கி வந்திருந்தான்,
அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்
என்பதை மறந்து.

அம்மா அவனுக்கு டீ போட்டாள்.
சர்க்கரை போதுமா என்றாள்.
அடுப்பிலிருந்து திரும்பாமலே
என்னைக் கேட்டாள்:
"அந்த அம்மா கையெழுத்துப் போட்டுச்சா?"
"எந்த அம்மா?" என்றான் கஜபதி.
"எங்க வார்டுல ஒருத்தி."
"போடலம்மா" என்றேன்.
மை டப்பா மூடியை
அவன் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் உயில்.
புருஷன் பக்கத்தில் வேண்டாமாம்.
முதல் இரண்டு மரீனாக்கள் கிடக்கிற
வடக்குச் சுவரோரம் போதுமாம்,
கல்லில் எதுவும் எழுத வேண்டாமாம்.
அவ்வளவு நீளப் பெயரை வைத்துக்கொண்டு.

கல்லறை வாசகம் என்றொரு கட்டம் இருக்கிறது.
காலியாக விட்டேன். சிவந்தது.
உறுதியா?
கீழே அடுத்த மிளகாய் வண்டி வந்து நின்றது.
தும்மலை அடக்கிக்கொண்டு
அழுத்தினேன்.