மே மாதம், ஐந்து பவுண்டு

புயல் போய் இரண்டாம் நாள் மாலை.
கரண்ட் வரவில்லை.
ஜென்டில்லியில் எங்கள் தெரு முழுக்க
உறைபெட்டிகள் வியர்க்கின்றன.
எதிர்வீட்டில் வாத்து வேகிறது,
பின்வீட்டில் மான்தொடை.
மூலைவீட்டு டெஸ்மண்ட் எதையோ சுடுகிறான்,
என்னவென்று கேட்டால் சிரிக்கிறான்.

என் பெட்டியின் அடியில்,
பட்டாணிப் பொட்டலங்களுக்கும் கீழே
ஒரு பை.
மேலே கறுப்பு மையில்
'மே. 5 பவுண்டு.'
ஃபெரலின் கையெழுத்து.
அவன் எழுதும் ஐந்துக்குத்
தொப்பி தலையில் உட்காராது,
காற்றில் நிற்கும்.

ஏரியில் வலைவீசிப் பிடித்தது.
ஜூனில் ஹூஸ்டன் போனான்.
வலையை எடுத்துக்கொண்டான்,
காபிக் கெட்டிலை எடுத்துக்கொண்டான்,
இதை மறந்துவிட்டான்.
நானும் மறந்துவிட்டேன்.
அல்லது வாராவாரம்
பட்டாணி வாங்கி மேலே அடுக்கினேன்.

கேஸ் இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது.
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டேன்.
நான் திரும்பினால் சமையலறை திரும்புகிறது.

பாதி உருகிய இறால்கள்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன.
பிரித்தேன்.
தலையோடு உறையவைப்பதா, கிள்ளிவிட்டா என்று
ஒரு ஞாயிறு பூராவும் சண்டை போட்டோம்.
தலையோடுதான் இருக்கின்றன.
நான் தூங்கியபிறகு செய்திருக்கிறான்.

கிள்ளினேன், உரித்தேன், முதுகைக் கீறினேன்.
தலையும் தோலும் தண்ணீரில் கொதித்து
சட்டி செம்மஞ்சள் ஆயிற்று.
ஒரு கரண்டி ஊதிக் குடித்தேன்.
சனியன்,
அவன் சொன்னதுதான் சரி.

வெங்காயம் உண்டு. துவண்ட செலரி உண்டு.
குடைமிளகாய் இல்லை.
வேலியோரம் போய்க் கத்தினேன்.
ஒக்டாவியா ஒன்றை இந்தப் பக்கம் எறிந்தாள்:
"விலை இரண்டு தட்டு.
மாவு வறுத்தாயா?"
"தக்காளிக்கு எதற்கு மாவு?"
"உன் அம்மா எந்த ஊர்க்காரி?"
"உன் மிளகாயில் புழு."
"அதற்குத் தனி விலை இல்லை."

எப்படியும் உருகப்போகிற வெண்ணெய்,
முழுக் கட்டியையும் போட்டேன்.
மூன்றும் வதங்கின. பூண்டு.
இரண்டு டின் தக்காளி, அந்தச் செம்மஞ்சள் தண்ணீர்,
பிரிஞ்சி இலை, தைம்,
கயென் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை;
இருட்டில் சிட்டிகைக்கு அளவேது.
குமிழ்விட்டுக் குமிழ்விட்டுக் குழம்பு
கரண்டியின் முதுகில் தங்கும்வரை நின்றேன்.
வியர்வை மூக்கு நுனியில் நின்றது, விழவில்லை.

இறால் கடைசியில்தான்.
மூன்று நிமிடம்.
இல்லாத தலையைத் தேடி
வால் வளைய ஆரம்பிக்கும்.
பாதி வளைவில் இறக்கிவிட வேண்டும்.
போய்த் தொட்டுவிட்டால்
ரப்பர்.

வாசற்படியில் பதினோரு தட்டு.
சோற்றின்மேல் சிவப்பு இறங்கியதும்
கொஞ்சநேரம் யாரும் புயலைப் பற்றிப் பேசவில்லை.
டெஸ்மண்டுக்குக் கண்ணில் நீர்.
காரம்தான். சத்தியமாகக் காரம்தான்.
அவன் சுட்டதைக் கொண்டுவந்தான்,
தின்றோம்,
இப்போதும் சொல்ல மறுக்கிறான்.

போன் மினுங்கிற்று. நான்கு சதவீதம்.
ஃபெரல்:
'வீட்டுக்கு ஒன்றும் ஆகலையே?
இறால் இருந்ததே, என்ன ஆச்சு?'

நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
'கெட்டுப்போச்சு' என்று அனுப்பினேன்.

ஒக்டாவியா மூன்றாம் தட்டை நீட்டி நிற்கிறாள்.
பேச்சு இரண்டுக்குத்தான்.
சட்டியைச் சாய்த்து
வழித்துப் போட்டேன்.