நான்கு விரற்கடை

இரவெல்லாம் கிளெனிஸ் ட்ரஸ்காட்டின் வேலை
"அசையாதீர்கள்" என்று சொல்வது.
ஆட்டுப்பண்ணையில் இடுப்பு முறிந்தவன்,
கங்காருவை மோதிக் கவிழ்ந்த லாரிக்காரன்,
கூரையிலிருந்து விழுந்தவனின் மனைவி,
எல்லோரும் அவள் காதுக்குள் ஓடிவருகிறார்கள்.
அவள் நிறுத்துகிறாள்.
ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.
வாசல் விளக்கைப் போடுங்கள். அசையாதீர்கள்.

டப்போவில் ஜூலைக் காலை ஆறரை.
புல் வெள்ளையாய் உறைந்து கிடந்தது.
காரின் கதவைச் சாத்த மறந்து நின்றாள்.
கொல்லைக் கூண்டில் நாற்பத்துமூன்று சில்லைகள்,
ஒரு கீச்சும் இல்லை.

அந்த அமைதி அவளுக்குப் பழக்கம்.
அழைத்தவர்
அழைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்போது
வருகிற அமைதி.

கம்பிக்கு வெளியே, மஞ்சள் கண்ணோடு, ஒரு வைரி.
அகராதியில் வைரி என்றால் பகைவன்.
அதற்கு அகராதி தெரியாது.
மூன்று நாள் பசி தெரியும்.

உள்ளே நுழைய அதனால் முடியாது.
நுழையத் தேவையும் இல்லை.
வலையில் ஒருமுறை வந்து அறைந்தால் போதும்.
மிரண்டவை பறக்கும்,
பறந்தவை கம்பியில் போய் ஒட்டும்,
ஒட்டியதைக் காலால் பற்றி
கண்ணி வழியே
கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்துத் தின்னும்.
கூண்டின் நடுக்கிளையில்
சும்மா உட்கார்ந்திருந்த எதையும்
அது தொட்டதேயில்லை.

"அசையாதீங்க!" என்று கத்தினாள்.
முந்நூறு மைல் சுற்றளவு
கட்டுப்படுகிற குரல்.
ஒரு குருவி கேட்கவில்லை.

கழுத்து ஒடிந்தவை இரண்டு.
தலையில்லாமல் கம்பியில் தொங்கியது ஒன்று.
ஒரு கால் போய், உயிரோடு, ஒன்று.

வேலிக்கு அப்பால் ராடோவான் பெயிச்
வீட்டுச் செருப்போடு, காற்றுத் துப்பாக்கியோடு.
"ஒரே குண்டு. ராத்திரியே புதைத்துவிடலாம்.
சட்டத்துக்கு ரோஜாச்செடிக்குக் கீழே பார்க்கத் தெரியாது."
"பந்தி விரித்தது நான், ராடோ.
வந்து உட்கார்ந்தவனைச் சுடச் சொல்கிறாயா?
அதுவும், இது போனால் அடுத்தது வரும்."

பல்லுக்கு உறை போட வைத்திருந்த பணத்தில்
இரண்டாவது வலை வாங்கினாள்.
முதல் கம்பிக்கும் இதற்கும் நடுவே
நான்கு விரற்கடை.
தன் கையையே வைத்து அளந்தாள், சட்டத்துக்குச் சட்டம்.
அடையும் மூலைக்கு மேல் தகரம்,
கிழக்கே பச்சைத் துணி,
பதுங்க ஒரு கட்டு முட்புதர்.
ராடோவான் ஏணியைப் பிடித்துக்கொண்டு
செர்பிய மொழியில்
யாரையோ, அநேகமாக அவளைத்தான், திட்டினான்.

அந்த இடைவெளி யாருடையதும் இல்லை.
இங்கிருந்து அலகு நீளாது, அங்கிருந்து நகம் எட்டாது.
முதலில் ஒரு சிலந்தி குடிவந்தது.
பிறகு, சிந்திய தினை ஒன்று முளைத்தது,
இரண்டு பக்கப் பசிக்கும் நடுவில்,
ஒருவரும் கடிக்காத பச்சையாக.

ஆகஸ்டில் அது மறுபடி வந்தது.
அறைந்தது. வெளிவலை வீணைக்கம்பி போல் அதிர்ந்தது.
சில்லைகள் பறந்தன, ஒட்டின,
எல்லாம் பழையபடிதான்.
வைரி காலை நுழைத்தது, மூட்டு வரை,
விரல்களை மூடியது.
வெறும் காற்று.
காலை வெளியே எடுத்துத் திறந்து பார்த்தது.

துணிக்கொடியில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள்:
மார்பெலும்பு கத்திமுனையாய்த் துருத்திய
இந்த வருடக் குஞ்சு.
சிறகைச் சிலிர்த்துக்கொண்டு
கோதுமைக் கிடங்குப் புறாக்களின் பக்கம் போயிற்று.
போகட்டும் என்றும் நினைக்கவில்லை,
பாவம் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை.
தூக்கம் வந்தது.

ஒற்றைக்கால் சில்லை மட்டும்
நடுக்கிளையில் இருந்த இடத்திலேயே இருந்தது.
பாடம் கற்றதா,
தாவ முடியாததாலா,
தெரியவில்லை.

அன்றிரவு இரண்டு பத்துக்கு
கையில் கண்ணாடி கிழித்த ஒரு பெண்.
கிசுகிசுத்தாள்.
"அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்."

திரையில் அடுத்த கேள்வி ஒளிர்ந்தது: ரத்தம் எவ்வளவு?
கிளெனிஸ் அதைப் படிக்கவில்லை.
தன்னை அறியாமல்
வலது கையின் நான்கு விரல்களை
மேசைமேல் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவருக்கும் உங்களுக்கும் நடுவில்
என்ன இருக்கிறது?"